அடி தெரியுது, வார்த்தை கேக்கல

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பாயி வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து டிவியில் படம் பார்த்தோம். படத்தில் ஒரு கட்டம். ஊர்ப் பெரியமனுசன் ஒருத்தன் சேரிப் பையனைச் சாதிப் பேரைச் சொல்லித் திட்டிக்கொண்டே செருப்பால் அடிக்கிறான். செருப்பு விழுகிறது. பையன் முகம் திரும்புகிறது. பெரியமனுசனின் வாய் அசைகிறது. ஆனால் சத்தம் இல்லை. சரியாக அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் சத்தம் இல்லை. என் அக்கா மகனுக்கு ஏழு வயசு. 'மாமா, என்னன்னு திட்டினான்?' என்று கேட்டான். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அப்பாயி வெத்திலையை ஒரு பக்கமா ஒதுக்கிக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னது. ரொம்ப சாதாரணமாச் சொன்னது. 'இதத்தான்யா சொல்லியிருப்பான். நம்மள வேற என்னன்னு கூப்புட்டானுக?'

அன்றிலிருந்து இந்த மியூட் என்னைத் தூங்கவிடவில்லை. யாரிடமிருந்து யாரைக் காப்பாற்ற அந்த வார்த்தையை அமுக்கினார்கள்? டீக்கடையிலும் வயக்காட்டிலும் பள்ளிக்கூடத்திலும் அமுங்காத வார்த்தை அது. டிவியில் மட்டும் அது ஆபாசமாகிவிடுகிறது. செருப்படி ஆபாசமில்லை, அதைக் காட்டலாம். எதற்காக அடித்தான் என்பதைத்தான் சொல்லக்கூடாது. அடியிலிருந்து சாதியைப் பிரித்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? ரெண்டு பேருக்குள்ள ஏதோ தகராறு. போலீஸ் ஸ்டேஷனில் நம்முடைய புகாரை முதல் தகவல் அறிக்கையாக எழுதும்போது ஏட்டு செய்கிற வேலையும் அச்சாக இதுதான்.

இந்த வெட்டு எங்கே விழுகிறது என்று தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1952ஆம் ஆண்டு சினிமாட்டோகிராப் சட்டப்படி படத்துக்குச் சான்றிதழ் தருகிறது வாரியம். (1983ல் வாரியத்தின் பெயரிலிருந்து தணிக்கையை எடுத்துவிட்டுச் 'சான்றிதழ்' என்று போட்டுக்கொண்டார்கள். கத்தரியைக் கீழே வைக்கவில்லை.) 1991ல் வந்த வழிகாட்டு நெறிகளில் இன, மத, பிற குழுக்களை இழிவுபடுத்தும் காட்சியோ சொல்லோ இருக்கக்கூடாது என்று ஒன்று உண்டு. படிக்க நல்லாத்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு டிவி. மும்பையில் ஒரு பேராசிரியை தொடுத்த பொதுநல வழக்கில் 2005-06ல் பம்பாய் உயர்நீதிமன்றம் போட்ட உத்தரவுகளுக்குப் பிறகு, 'ஏ' சான்றிதழ் பெற்ற படம் அப்படியே வீட்டுக்குள் வர முடியாது. தயாரிப்பாளர் படத்தைத் தானே வெட்டி, மறுபடி வாரியத்துக்குக் கொண்டுபோய், 'யு/ஏ' வாங்கினால்தான் டிவி உரிமை விலை போகும். 2023ஆம் ஆண்டுத் திருத்தம் டிவிக்கென்று தனிச் சான்றிதழ் தருவதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. இந்த வெட்டுகளில் பாதியை அவர்கள் 'தாமாக முன்வந்து' செய்ததாகக் கணக்கில் எழுதுவார்கள். அதற்கும் மேலே சேனல்காரன் தன் பங்குக்கு ஒரு மியூட், விளம்பரத்துக்கு இடம் பண்ண இன்னொரு வெட்டு. படம் நம் வீட்டுக்கு வந்து சேருவதற்குள் எத்தனை கை பட்டிருக்கிறது பாருங்கள். இதில் ஒரு கையாவது சேரிக் கையா?

கை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 2025ல் வந்த 'பூலே' இந்திப் படம் போதும். ஜோதிராவ், சாவித்திரிபாய் வாழ்க்கை. ஏப்ரல் 11, பூலே பிறந்த நாளில் வர வேண்டிய படம். முன்னோட்டத்தைப் பார்த்தே மகாராட்டிரப் பார்ப்பன அமைப்புகள் எதிர்ப்புக் கிளப்ப, படம் ஏப்ரல் 25க்குத் தள்ளிப் போனது. வாரியம் எடுக்கச் சொன்னது எதை? 'மகர்', 'மாங்', 'பேஷ்வா ஆட்சி' என்கிற சொற்களை. சாதி அமைப்பை விளக்கும் பின்னணிக் குரலை. மூவாயிரம் ஆண்டு அடிமைத்தனம் என்று வந்த இடத்தைப் 'பல ஆண்டு' என்று மாற்றச் சொன்னார்கள். அதே வருசம் 'பரியேறும் பெருமாள்' படத்தின் இந்தி வடிவமான 'தடக் 2'விலும் மூவாயிரம் ஆண்டு கணக்கு அடிபட்டுப் பழையகாலப் பாகுபாடு என்று ஆனது. மூவாயிரம் என்ற எண் ஆபாசமா? எண்ணைச் சொன்னால் கணக்குக் கேட்பான் என்ற பயம். மகர் என்ற சொல்லை எடுத்துவிட்டால் பூலே யாருக்காகக் கிணற்றைத் திறந்துவிட்டார், சாவித்திரிபாய் யாருக்குப் பாடம் சொல்லப் போய்ச் சாணியடி வாங்கினார்? 'ஏழைகளுக்கு' என்று சொல்லிக்கொள்ளலாம். அவர்களுக்கு அதுதான் வசதி.

மறுபக்கம் பாருங்கள். 1992ல் வந்த 'தேவர் மகன்' இன்றும் டிவியில் ஓடுகிறது. சாதிப் பெருமை பேசும் அந்தப் பாட்டு முழுசாகக் கேட்கும். 2023ல் 'மாமன்னன்' இசை வெளியீட்டில் கமல்ஹாசனை வைத்துக்கொண்டே மாரி செல்வராஜ் அந்தப் படம் தனக்குத் தந்த வலியைப் பேசினார். பெருமையாகச் சொன்னால் சாதி பண்பாடு, வலியோடு சொன்னால் சாதி பதற்றம். இதுதான் எழுதப்படாத நெறி.

டிவியை ஏன் இவ்வளவு பெரிசுபடுத்துகிறாய், தியேட்டரில் போய்ப் பார்க்க வேண்டியதுதானே என்று ஒரு நண்பர் கேட்டார். தியேட்டரா? 2023 மார்ச்சில் 'பத்து தல' பார்க்க டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தைச் சென்னையில் ஒரு தியேட்டர் வாசலிலேயே நிறுத்தியது. ஊர் காறித் துப்பியதும் தியேட்டர் சொன்ன சாக்கு என்ன தெரியுமா? படம் 'யு/ஏ', குழந்தைகளை விட முடியாதாம். 'யு/ஏ' என்றால் பெற்றோரோடு பார்க்கலாம் என்றுதான் அர்த்தம். தணிக்கைச் சான்றிதழைத் தீண்டாமைக்கு முகமூடியாக மாட்டிக்கொண்டார்கள். எங்கள் அப்பாயி வாழ்நாளில் தியேட்டருக்குப் போனது நாலு தடவை இருக்கலாம். 2006க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி வந்த பிறகுதான் அதற்குச் சினிமாவே. வெட்டுப்பட்ட படம்தான் அதற்குப் படம்.

இதில் நமக்குள்ளேயே ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. நம்மை இழிவாகக் காட்டும் படங்களை வெட்டச் சொல்லி நாமும் மனுப் போடுகிறோமே? சாதிப் பேரைச் சொல்லித் திட்டுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாயிற்றே, டிவியில் மியூட் போட்டது சரிதானே என்று ஒரு தோழர் கூட்டத்தில் கேட்டார். நான் மறுக்கிறேன். 1989ல் அந்தச் சட்டத்தைப் போராடி வாங்கியது திட்டியவனைக் கூண்டில் ஏற்ற. திட்டியதைக் காட்டுகிறவன் வாயை அடைக்க அல்ல.

கத்தரியை நம்பி நாம் ஏற்கெனவே ஒருமுறை நீதிமன்றப் படி ஏறியிருக்கிறோம். இடஒதுக்கீட்டுக்கு எதிரான 'ஒரே ஒரு கிராமத்திலே'வுக்கு 1987ல் 'யு' சான்றிதழ் கிடைத்தது. சென்னை உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1989 மார்ச்சில் உச்சநீதிமன்றம் கருத்துரிமை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தது. தேசிய விருதும் கொடுத்தார்கள். படத்தின் நஞ்சு எனக்குத் தெரியும். ஆனாலும் தீர்ப்பின் அந்தக் கொள்கையை நான் தூக்கிப்போட மாட்டேன். ஆர்ப்பாட்ட மிரட்டலுக்காகக் கருத்தை அமுக்க முடியாது என்று அன்று எழுதினார்கள். அதைப் 'பூலே'வுக்கு எடுத்து நீட்ட வேண்டியது நாம்தான். ஆனந்த் பட்வர்தன் அப்படித்தான் விடாமல் நின்றார். ஆணாதிக்கத்தையும் மதவெறியையும் பேசிய அவருடைய ஆவணப்படத்தின் ஒரு பகுதிக்கு 'ஏ' சான்றிதழ். தூர்தர்ஷன் ஒளிபரப்ப மாட்டேன் என்றது. 2006 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் ஒளிபரப்பத்தான் வேண்டும் என்றது. படம் முடிந்து பத்து வருசத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கத்தரி கேட்டு மனுப் போடுவதில் நம்மைவிட அவர்கள் கெட்டி. 2021 நவம்பரில் 'ஜெய் பீம்' வந்தபோது சுவரில் மாட்டியிருந்த ஒரு காலண்டர் படம் தங்கள் சாதிச் சின்னம் என்று கூச்சல் போட்டார்கள். சில நாளில் காலண்டர் மாறிவிட்டது. காவல் நிலையத்தில் அடித்தே கொல்லப்பட்ட இருளர் கதையில், காலண்டருக்குக் கிடைத்த அந்த வேகத்தை நினைத்துப் பாருங்கள்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. டிவியில் நம்மைப் பற்றிய படம் ஓடும்போது கையில் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் சத்தம் நின்றது, யார் வாய் அசைந்தது, தியேட்டரில் அந்த இடத்தில் என்ன கேட்டது என்று குறியுங்கள். தேதி, சேனல் பெயர், நேரம் முக்கியம். 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி, டிவிக்காக என்னென்ன வெட்டினீர்கள் என்று வாரியத்திடம் பட்டியல் கேளுங்கள். வாரியப் பட்டியலில் இல்லாத வெட்டு சேனல்காரனுடையது. அவனுக்குத் தனியாக எழுதுவோம். அக்கா மகனிடம் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் அப்பாயி சொன்ன வார்த்தையை எழுதியிருக்கிறான், எழுத்துப் பிழையோடு.