கணினிக்கும் அகரவரிசை கற்பிப்போம்



பந்து, பல், பழம், பள்ளி, பறவை, பனை. இஃது அகரவரிசை. இப்பெயர்களில் ஆறு கோப்புகளை ஒரு கோப்புறையில் இட்டு, சி மொழியில் நிரல் எழுதிப் பட்டியலிட்டுப் பாருங்கள். ‘ரீட்டிர்’ என்னும் செயற்கூறு பெயர்களை ஒவ்வொன்றாகத் தரும், வரிசைப்படுத்தித் தராது. அடுக்கும் பணியைக் ‘கியூசார்ட்’டிடமும் ஒப்பிடும் பணியை ‘எஸ்டிஆர்சிஎம்பி’யிடமும் ஒப்படைத்தால், பந்து, பனை, பறவை, பல், பள்ளி, பழம் என வந்து நிற்கும்.

காரணம் எளிது. அந்த ஒப்பீடு குறியீட்டு எண்களை மட்டுமே நோக்குகிறது. யூனிகோடில் நகரத்தை அடுத்து னகரமும் ரகரத்தை அடுத்து றகரமும் உள்ளன; ளகரம் ழகரத்தை முந்துகிறது.

“கணினி காட்டுவதே சரி” எனப் பிள்ளைகள் நம்பிவிடுவரே என்பதுதான் என் கவலை. யூனிகோடைக் குறைகூறிப் பயனில்லை. எண், எழுத்தைச் சேமிப்பதற்கு. வரிசை, மொழியின் மரபு. அம்மரபை நிரலுக்குச் சொல்லித்தர வேண்டியவர் நிரலரே. ‘கியூசார்ட்’ நாம் எழுதித்தரும் ஒப்பீட்டு விதியையும் ஏற்கும். அதை எழுதுபவர் நெஞ்சில் ‘ய ர ல வ ழ ள ற ன’ நிற்க வேண்டுமல்லவா?

ஆகவே, அகரவரிசையைப் பழம்பாடமென ஒதுக்காதீர். இன்று அதை ஐயமறக் கற்கும் பிள்ளையே நாளை கணினிக்கும் கற்பிக்கும்.