பெயர்ச்சீட்டு இல்லாத தொட்டி

நீலகிரி மலைப் பங்கொன்றில் நான் பணியாற்றிய நாட்களில், ஒரு ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும், முதிய தாய் ஒருவர் மண்தொட்டியொன்றைச் சேலைத் தலைப்பால் போர்த்தி எடுத்துக்கொண்டு பங்கு இல்லத்து வாயிலில் வந்து நின்றார். தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அவருடைய கணவர், பல ஆண்டுகளுக்கு முன் காலிம்போங் நகரிலிருந்து வாங்கிவந்து வளர்த்த ஆர்க்கிட் செடி அது. கணவர் இறைவனடி சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. தொட்டியில் செருகியிருந்த பெயர்ச்சீட்டில் எழுத்தெல்லாம் மழையில் அழிந்து, வெறும் தகடு மட்டுமே எஞ்சியிருந்தது.

"சாமி, அடுத்த ஆண்டு சென்னைக்கு மகள் வீட்டுக்குப் போகப் போகிறேன். இந்தச் செடி அங்கே பிழைக்குமா? பெயர் தெரிந்தாலாவது யாரிடமேனும் கேட்கலாம்" என்றார்.

செடியைப் பார்த்தேன். விசிறிபோல் இருபுறமும் அடுக்கிய வார் போன்ற இலைகள். ஆர்க்கிட்டுகள் பலவற்றில் அடியில் காணப்படும் நீர் சேமிக்கும் குமிழ்த் தண்டு இதில் இல்லை. ஆகவே இது பாஃபியோபெடிலம், அதாவது பாதுகை ஆர்க்கிட், என்பதில் ஐயமில்லை. அத்துடன் நிறுத்தியிருக்க வேண்டும். இலைகள் புள்ளியோ வரியோ இன்றித் தனிப் பச்சையாய் இருந்ததைக் கண்ட நான், "அம்மா, இது அகத்தியமலைத் தொடரில் மட்டுமே விளையும் துருரி இனமாக இருக்கக்கூடும். 1865இல் கர்னல் துரூரி கண்டெடுத்தது, காட்டில் அருகிப் போய்விட்டது, பறிப்பதற்குச் சட்டத் தடை உண்டு" என்று சொல்லிவிட்டேன். அந்தத் தாய் அன்றுமுதல், வனத்துறையினர் எந்நேரமும் வந்து கதவைத் தட்டுவார்கள் என்றஞ்சித் தொட்டியைக் குளியலறையில் ஒளித்து வைத்தார் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அரிய பொருள் நம் கைக்கு வரவேண்டும் என்ற ஆசை கண்ணை எவ்வளவு மறைக்கிறது! காலிம்போங்கில் வாங்கியது என்று அவர் தெளிவாகச் சொல்லியும் என் காதில் அது ஏறவில்லை.

பூவில்லாத பாதுகை ஆர்க்கிட்டில் பெயரைத் தேடுவது வீண் முயற்சி. இலை பெயரைச் சொல்லாது; ஆனால் செடியின் தேவையை ஓரளவு சொல்லும். கரும்பச்சையும் வெளிர்பச்சையும் கலந்த சித்திர இலையுடையவை பெரும்பாலும் வெப்பத்தை விரும்புபவை. அவற்றின் இரவு 15 பாகைக்குக் கீழே இறங்காதிருப்பது நலம். தண்டுக்கொரு பூ விடும் தனிப் பச்சை இலை வகைகளுட் பல குளிர்ச்சியை நாடுவன. குளிர்காலத்தில் 10 முதல் 13 பாகை வரையுள்ள இரவுகள் அவற்றுக்கு ஏற்றவை. இவ்விதிக்கு விலக்கும் உண்டு. மறுமுறை சென்றபோது இலையைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தேன். அங்கே நுண்ணிய ஊதாப் புள்ளிகள் தெரிந்தன. மேகாலயா மலைகளைச் சேர்ந்த இன்ஸிக்னி இனத்திலும், அதன் உறவான வில்லோசத்திலும் காணப்படும் அடையாளம் அது. மே மாதத்தில் பல இரவுகளில் 27, 28 பாகைக்குக் கீழே இறங்காத சென்னையில் இது வாடும், பூக்கவும் பூக்காது. அதை அந்தத் தாயிடம் சொல்ல எனக்குத் துணிவு வர ஒரு வாரம் ஆயிற்று.

அதற்குள் செடியைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. கணவர் போனபின், அன்பின் மிகுதியால் நாள்தோறும் நீர் ஊற்றியிருக்கிறார். யாரோ சொல்லக் கேட்டுச் செம்மண்ணும் சாணமும் இட்டிருக்கிறார். தொட்டியைக் கவிழ்த்ததும் அழுகிய நாற்றம் வந்தது. நல்ல வேர் பழுப்பு நிறமாய், மேலே மெல்லிய மயிர் படர்ந்து, அழுத்தினால் உறுதியாயிருக்கும். நிறம் பழுப்பென்று கண்டு வெட்டிவிடக் கூடாது. விரலால் நசுங்குவதை மட்டுமே வெட்டினோம். மரப்பட்டைத் துண்டுகள், விரல்நுனி அளவு அடுப்புக்கரி, ஊறவைத்துக் கழுவிய தென்னை மட்டைத் துண்டுகள் ஆகியவற்றைக் கலந்து சிறு தொட்டியில் நட்டோம். பெரிய தொட்டி வேண்டாம், ஈரம் தேங்கும். சேமிப்புக் குமிழ் இல்லாமையால் முற்றிலும் காயவிடவும் கூடாது. மேற்பரப்பு உலரத் தொடங்கும்போது, காலை வேளையில், குருத்துக்குள் நீர் தங்காதபடி ஊற்ற வேண்டும். மழைநீர் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. கிழக்கு நோக்கிய சன்னலில் இளவெயில் போதும். உரம் என்றால், பொட்டலத்தில் சொல்லியுள்ள அளவில் கால் பங்கு, இரு வாரத்துக்கொருமுறை. பட்டை மக்கிவிடுமாதலால் ஆண்டுக்கொருமுறையோ இரண்டாண்டுக்கொருமுறையோ, பூ உதிர்ந்தபின் புதுக்கலவைக்கு மாற்றுவது முறை. பூத்த குருத்து மீண்டும் பூக்காது. அடியில் எழும் புதுக்குருத்தே பூக்கும். ஆகவே பழையதைப் பயனற்றதென்று பிய்த்தெறியாதீர்கள். அது புதியதற்கு உணவூட்டிக்கொண்டிருக்கிறது.

பெயரைப் பற்றி ஒரு சிறு செய்தி. ஐரோப்பாவின் பழைய மூலிகை நூல்களில் இதன் உறவான மலருக்கு "மரியாவின் காலணி" என்று பொருள்படும் இலத்தீன் பெயர் இருந்தது. 1753இல் லின்னேயஸ் அதை வெனுஸ் தேவதையின் பாதுகையாக்கிவிட்டார். ஆசிய வகைகளுக்கு 1886இல் ஃபிட்சர் நிலைநாட்டிய பாஃபியோபெடிலம் என்ற பெயரும், அத்தேவதையின் கோவில் இருந்த சைப்பிரசு தீவின் பாப்போ நகரைக் குறிப்பதே. திருத்தூதர் பணிகள் 13ஆம் அதிகாரத்தில் புனித பவுலும் பர்னபாவும் சென்று, மந்திரவாதி எலிமாவைச் சந்தித்த அதே பாப்போதான். அன்னையிடமிருந்து காலணியைப் பறித்துக்கொண்டார்களே என்று எனக்குச் சிறிது மனத்தாங்கல் உண்டு.

அடுத்த நவம்பர் இறுதியில் மொட்டு விரிந்தது. துருரியாயின் மஞ்சள் பூவில் மேலிதழிலும் பக்க இதழ்களிலும் நடுவே கருஞ்சிவப்புக் கோடு ஓட வேண்டும். இதுவோ மஞ்சள் கலந்த பழுப்புப் பை. மேலிதழின் அடி பச்சை, மேற்பகுதி தூய வெண்மை, சில புள்ளிகள், நடுவே மெல்லிய ஊதாக் கோடு. புள்ளி இன்ஸிக்னியிடமிருந்தும், வெண்மையும் கோடும் ஸ்பைசரியானம் இனத்திடமிருந்தும் வந்திருக்க வேண்டும். இவ்விரண்டின் கலப்பான லீயானம் 1884 முதல் அறியப்பட்டது. ஆனால் அதனோடு பிற இனங்களைச் சேர்த்து உண்டாக்கிய கலப்பினங்கள் பலவும் இதே சாயலில் இருக்கின்றன. மலரின் நடுவிலுள்ள சிறு கேடயத்தின் வடிவைப் பார்த்து இனங்களைப் பிரித்தறியலாம்; கலப்பினத்தில் அதுவும் கைவிடுகிறது. பெற்றோர் இன்னார் என்ற பதிவு தொலைந்தபின், சாயலை மட்டும் வைத்துப் பெயர் சூட்டினால் அது பொய்ச்சீட்டு.

சட்டத்தைப் பற்றியும் அவருக்குச் சரியாகச் சொன்னேன். 1991இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாஃபியோபெடிலம் இனங்கள் அனைத்தையும் காக்கிறது. காட்டிலிருந்து பறிப்பதும் அதை விற்பதும் குற்றம். வளர்த்து விற்போர்க்கு உரிமம் வேண்டும். நாற்றங்கால் கலப்பினத்தைக் குளியலறையில் ஒளிக்க வேண்டியதில்லை. அவர் வாய்விட்டுச் சிரித்தார். கணவர் மறைந்தபின் அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

டிசம்பர் 8ஆம் நாள் அன்னையின் பீடத்தருகே தொட்டியை வைத்தோம். மெழுகுதிரிச் சூடு படாத தூரத்தில். ஒரு மாதத்துக்கு மேல் பூ வாடவில்லை. பை பூச்சியைத் தின்னுமா என்று மறைக்கல்விச் சிறுவர்கள் கேட்டார்கள். தின்னாது, வழுக்கி விழுந்த பூச்சி, மகரந்தத்தைச் சுமந்துகொண்டு பின்வழியாக வெளியேறிவிடும்.

சென்னைக்குச் செல்லுமுன் செடியை உபதேசியார் வீட்டுக் கிழக்குத் தாழ்வாரத்தில் ஒப்படைத்தார். புதுச்சீட்டை நானே எழுதினேன், பென்சிலால்; மை மழையில் கரையும், பென்சில் நிலைக்கும். "இன்ஸிக்னி கலப்பினம், பெயர் அறியப்படவில்லை; காலிம்போங்" என்று எழுதி நிறுத்தினேன். அந்தத் தாய் பென்சிலை வாங்கி, அடியில் தம் கணவரின் பெயரை எழுதினார்.