சவப்பெட்டி ஊருக்குள் வந்த பிறகு

2024 தீபாவளிக்கு வந்த ‘அமரன்’ படத்தை அம்மாவோடு போய்ப் பார்த்தேன். மேஜர் முகுந்த் வரதராஜன் குண்டடிபட்டு விழுவதற்கு முன்பே தியேட்டரில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. நானும் அழுதேன். தேசியம், வன்முறை என்று ஆய்வேட்டில் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களுக்கும் இருட்டில் உட்கார்ந்தால் கண்ணீர் வரத்தான் செய்கிறது. காஷ்மீர் மக்களை அந்தப் படம் காட்டிய விதம் குறித்து எனக்குக் கடுமையான விமர்சனம் உண்டு. அதைத் தோழர்கள் பலர் அப்போதே எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா கேட்ட கேள்வியைப் பற்றி.

“உங்க தாத்தா அங்கேயே செத்திருந்தா இந்த ஊரு இப்படி அழுதிருக்குமா?”

தாத்தா மதராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். பெங்களூரில் பயிற்சி, பிறகு வடக்கே பாலம் போடுவதும் ரோடு போடுவதுமாகப் பல வருடம். சேரியில் அவருக்கு ‘மிலிட்டரி’ என்று பெயர். ஊர்த்தெருவில் அவரைவிட இருபது வயது இளையவனுக்கும் அவர் ‘வாடா, போடா’தான். பென்ஷனோடு திரும்பி வந்தவர், டீக்கடைக்குப் போகும்போது பட்டாளத்தில் கொடுத்த எனாமல் மக்கைக் கையோடு எடுத்துப் போவாராம். தனிக் குவளையில் குடிக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. பொதுக் குவளையைத் தர கடைக்காரருக்கு மனம் ஒப்பவில்லை. மக் நடுவில் வந்தது. கடைக்காரர் கையைத் தூக்கி உயரத்திலிருந்து ஊற்றுவார், இவர் மக்கை நீட்டுவார். போரைப் பற்றித் தாத்தா அதிகம் பேசியதில்லை. லங்கரைப் பற்றி, அதாவது பட்டாளச் சமையற்கட்டைப் பற்றி, நிறையப் பேசுவார். யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், யார் தட்டிலிருந்து யார் எடுத்தார்கள் என்பதையெல்லாம் அவ்வளவு துல்லியமாக நினைவு வைத்திருந்தார்.

போர்ப்படங்கள் நம்மை அழவைப்பதும் அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். ஜே.பி. தத்தாவின் ‘பார்டர்’ (1997) படத்தில் டாங்கிகள் வெடிப்பது யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. வீட்டிலிருந்து கடிதம் வருவது நிற்கிறது. நாளை சாகப்போகிறவர்கள் இன்று ஒரே மணல்மேட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது நிற்கிறது. பதுங்குகுழிக்குள் பஞ்சாபியும் தமிழனும் ராஜஸ்தானியும் ஒருவன் எச்சிலை இன்னொருவன் குடிக்கிறான். இந்தியாவின் எந்த ஊரிலும் இல்லாத ஒன்றைத் திரை இரண்டரை மணிநேரம் இருப்பதாகக் காட்டுகிறது. பொதுப்புத்தி அதைத் தேசபக்தி என்று அழைக்கிறது. நமக்கு அதன் ருசி வேறு. ஒரு இடத்திலாவது நம்மையும் ஆளாகச் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள் என்கிற நெகிழ்ச்சி அது.

இதை வெறும் மயக்கம் என்று தள்ளிவிடவும் முடியாது. அண்ணல் அம்பேத்கர் 1891இல் மோவ் என்ற ராணுவக் குடியிருப்பில் பிறந்தார் என்பதைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்துக் கடந்துவிடுகிறோம். அவர் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார், பட்டாளப் பள்ளியில் ஆசிரியர். கிணற்றுத் தண்ணீர் மறுக்கப்பட்ட சமூகத்துக்கு எழுத்தும் சம்பளமும் பென்ஷனும் ராணுவத்தின் வழியாகத்தான் முதலில் கிடைத்தன. ஆனால் அண்ணல் தவழ்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் மகார்களை ராணுவத்தில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. ‘போர்க்குடி’ என்ற கோட்பாடு ஓங்கிய காலம் அது. மதராஸ் படைக்கும் பின்னர் இந்தியப் படை முழுவதுக்கும் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டு வீரர்கள் சண்டைக்கு லாயக்கில்லை என்று முடிவுகட்டியவர். கம்பெனிக்கு நாடு பிடித்துக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் திடீரென்று வீரம் இல்லாமல் போய்விட்டது!

பிறகு முதல் உலகப்போர் வந்தது, ஆள் போதவில்லை. 1917இல் 111ஆம் மகார் படைப்பிரிவு உருவானது, போர் முடிந்ததும் 1921இல் கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர் வந்தது. வைஸ்ராயின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இடம்பெற்றிருந்த அம்பேத்கரின் முயற்சியும் சேர, 1941இல் பெல்காமில் மகார் ரெஜிமென்ட் உருவானது. 1943இல் சமார் ரெஜிமென்ட் தொடங்கப்பட்டு பர்மா முனைக்குப் போய் வந்தது, 1946இல் அதையும் கலைத்துவிட்டார்கள். சாவதற்கு ஆள் வேண்டும்போது கதவு திறக்கும். சாவு நின்றதும் கதவு மூடும்.

இந்தக் கதவைப் பற்றி இந்தியாவில் பேர் சொல்லும்படி ஒரு போர்ப்படம் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்திருக்கிறது. சாதி தெரியாத ஊர்களில், நிறத்தால் ஒதுக்கப்பட்டவர்களைப் பற்றி எடுத்த படங்கள் அவை. அவற்றில் முக்கியமான காட்சி போர்முனையில் நடப்பதே இல்லை. சாப்பாட்டு வரிசையிலும் சம்பள மேசை முன்னாலும்தான் நடக்கிறது.

ரஷீத் புஷாரெப்பின் ‘அந்திஷென்’ (2006) பிரான்சுக்காக நாஜிகளோடு சண்டையிட்ட வட ஆப்பிரிக்க வீரர்களின் கதை. கப்பலில் சாப்பாடு போடுகிறார்கள். தக்காளி வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்தான் என்று சமையல்காரன் ஒரு கறுப்பு வீரனுக்கு மறுக்கிறான். அப்துல்காதர் என்ற கார்ப்ரல் தக்காளிப் பெட்டியைக் கீழே போட்டுப் பூட்ஸ் காலால் மிதிக்கிறான். எல்லோருக்கும், இல்லையென்றால் யாருக்கும் இல்லை. இந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்கு எனாமல் மக்தான் ஞாபகம் வந்தது. தாத்தாவுக்கு லங்கரில் தக்காளி கிடைத்தது. அவரைத் தடுத்தது ஊர் டீக்கடை. அங்கே மிதிப்பதற்கு அவரிடம் பூட்ஸ் இருந்தது, பின்னால் நிற்க ஒரு கம்பெனி இல்லை. அந்தப் படம் வந்த பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். காலனி நாடுகள் விடுதலை பெற்றதும் அந்த நாட்டு வீரர்களின் ஓய்வூதியத்தை பிரான்ஸ் 1959 முதல் அப்படியே உறையவைத்திருந்தது. பிரெஞ்சு வீரர்கள் பெற்றதில் ஒரு சிறு பங்குதான் அவர்களுக்குக் கிடைத்துவந்தது. 2006இல் அதிபர் ஷிராக் படத்தைப் பார்த்தார், தொகையைச் சமமாக்குவதாக அரசு அறிவித்தது. சுமார் 80,000 முதியவர்கள். பழைய பாக்கி மட்டும் தரப்படவில்லை. ஒரு போர்ப்படத்தின் கண்ணீர் பென்ஷன் புத்தகத்தில் எண்ணாக மாறியதற்கு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான் உதாரணம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் கறுப்பர் படைப்பிரிவு ஒன்றைப் பற்றியது ‘குளோரி’ (1989). வெள்ளைக் கர்னலின் பார்வையில் கதையைச் சொல்வதால் எனக்கு அந்தப் படத்தின் மீது மனத்தாங்கல் உண்டு. ஆனாலும் டென்சல் வாஷிங்டன் கசையடி வாங்கும் காட்சியை மறக்க முடியாது. முகாமைவிட்டு ஓடியதற்காகத் தண்டனை. சட்டையைக் கழற்றினால் முதுகு முழுக்க அடிமைக்காலத் தழும்பு. அவன் ஓடியது காலுக்குச் செருப்பு தேடி என்பது பிறகுதான் கர்னலுக்குத் தெரிகிறது. செருப்புக்காக அடி வாங்குவது என்றால் என்னவென்று நம் சேரிகளில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 13 டாலர் என்று சொல்லிச் சேர்த்துவிட்டு 10 டாலர் கொடுத்தார்கள், அந்தப் படைப்பிரிவு மாதக்கணக்கில் சம்பளத்தையே வாங்க மறுத்தது. இது கதையல்ல, வரலாறு. 1864இல்தான் நாடாளுமன்றம் சம ஊதியத்துக்குச் சட்டம் போட்டது.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது செனகல் இயக்குநர் உஸ்மான் செம்பேன், தியெர்னோ ஃபாட்டி சோவ்வுடன் சேர்ந்து எடுத்த ‘காம்ப் தெ தியாரோய்’ (1988). செம்பேன் தானே இரண்டாம் உலகப்போரில் பிரெஞ்சுப் படையில் இருந்தவர். ஜெர்மானியச் சிறைகளில் கிடந்து மீண்ட ஆப்பிரிக்க வீரர்களை டக்காருக்குப் பக்கத்தில் ஒரு முகாமில் அடைக்கிறார்கள். போர் முடிந்தபாடில்லை, ஆனால் இவர்களுடைய போர் முடிந்துவிட்டது. முதலில் சீருடையைப் பிடுங்குகிறார்கள், பிறகு சாப்பாட்டில் கறி இல்லாமல் போகிறது, பிறகு பணத்தை மாற்றித் தரும்போது பாதி மதிப்புதான் என்கிறார்கள். அவர்கள் மறுக்கிறார்கள். 1944 டிசம்பர் 1 விடியலில் சொந்த ராணுவமே சுட்டுக் கொல்கிறது. படத்தில் பேயீ என்று ஒரு வீரன். புகென்வால்ட் வதைமுகாமிலிருந்து வந்தவன், பேச்சு போய்விட்டது. ஊருக்கு வந்துவிட்டோம் என்பதை அவனால் நம்ப முடியவில்லை. முள்வேலியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறான். இது ஆப்பிரிக்கா என்று காட்ட ஒரு சக வீரன் மண்ணை அள்ளி அவன் கையில் வைக்கிறான். கடைசி இரவில் டாங்கிகள் வருவதை அவன் ஒருவன்தான் பார்க்கிறான். பைத்தியம் என்று யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்தப் படம் பிரான்சில் பல ஆண்டுகள் திரையிடப்படாமல் கிடந்தது. நடந்தது படுகொலை என்று அதிபர் மக்ரோன் ஒப்புக்கொண்டது 2024 நவம்பரில். எண்பது வருடம்.

இங்கே போர்ப்படங்களைச் சுற்றி நடக்கும் சண்டையைப் பாருங்கள். ‘அமரன்’ வந்ததும், முகுந்த் பிராமணர் என்பதை ஏன் காட்டவில்லை என்று சமூக ஊடகத்தில் ஒரு கூட்டம் கிளம்பியது. அவரை இந்தியனாக, தமிழனாக மட்டும் காட்டும்படி குடும்பத்தினரே கேட்டுக்கொண்டதாக இயக்குநர் விளக்கம் சொல்ல வேண்டிவந்தது. அந்தக் குடும்பத்தின் கண்ணியம் அந்தக் கூட்டத்துக்கு இல்லை. 1962இல் ரெசாங் லாவில் நடந்த சண்டையை வைத்து 2025இல் ‘120 பகதூர்’ வந்தபோது, தலைப்பில் எங்கள் சாதிப்பெயர் வேண்டும் என்று அகிர் அமைப்புகள் தெருவுக்கும் நீதிமன்றத்துக்கும் போயின. செத்தவர்களில் பெரும்பாலோர் அகிர்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கோரிக்கை இவ்வளவு இயல்பாக எழுவதற்குக் காரணம் என்ன? ராணுவத்தின் பெயர்ப்பலகையிலேயே சாதி இருக்கிறது. ஜாட், ராஜ்புத், டோக்ரா என்று ரெஜிமென்ட். ஜனாதிபதியின் மெய்க்காவல் படையில் மூன்று சாதியாரை மட்டும் சேர்ப்பதை எதிர்த்து வழக்குகளே நடந்திருக்கின்றன. பதுங்குகுழியில் சாதியே இல்லை என்று படம் காட்டுகிறது, படத்தின் பெருமை யார் சாதிக்கு என்று வெளியே சண்டை நடக்கிறது. இரண்டும் ஒரே டிக்கெட்டில் கிடைக்கின்றன.

அம்மாவின் கேள்விக்கு உண்மையான பதில் ஒன்று இருக்கிறது. 2016 ஜூனில் காஷ்மீரின் பாம்போரில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 8 பேர் கொல்லப்பட்டார்கள். அதில் ஒருவர் உத்தரப்பிரதேசத்தின் ஃபிரோசாபாத் மாவட்டத்துக்காரர், நட் என்ற ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர். தேசியக்கொடி போர்த்திய பெட்டி ஊருக்கு வந்தது. பொது நிலத்தில் எரியூட்டக் கூடாது என்று ஊரின் ஆதிக்கச் சாதியினர் மறித்தார்கள். அதிகாரிகள் வந்து பேசிப் பேசித்தான் ஒரு துண்டு நிலம் வாங்க முடிந்தது. நம் போர்ப்படங்கள் எல்லாம் கொடி போர்த்திய பெட்டி ஊருக்குள் நுழைவதோடு முடிகின்றன. பின்னணி இசை ஏறுகிறது, கூட்டம் திரள்கிறது, மனைவி சல்யூட் அடிக்கிறாள். இந்த வீரனுக்கு அதன் பிறகுதான் படமே ஆரம்பிக்கிறது. அதை எடுக்க யார் முன்வருவார்கள், எந்தப் படைத் தலைமையகம் டாங்கியும் ஹெலிகாப்டரும் கொடுத்து உதவும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அந்தக் கதைக்கு டாங்கி வேண்டியதில்லை என்பது ஒரு சௌகரியம்.

தமிழில் கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் ரஞ்சித்தும் மாரி செல்வராஜும் மற்றவர்களும் நம் வாழ்க்கையைத் திரையில் நிமிர்ந்து நிற்க வைத்திருக்கிறார்கள். பட்டாளத்துக்குப் போய் வந்த சேரிக்காரனின் கதை இன்னும் மிச்சமிருக்கிறது. வட ஆற்காடு பக்கம் இறங்கிக் கேளுங்கள், தெருவுக்கு நாலு டிரங்குப் பெட்டியாவது இருக்கும். உள்ளே டிஸ்சார்ஜ் புத்தகம், மெடல், பென்ஷன் ஆர்டர், மடிப்பில் கிழிந்த கடிதம் எல்லாம் கிடக்கின்றன. கரையான் அரித்துக்கொண்டிருக்கிறது. என் தாத்தாவின் புத்தகத்தில் நடத்தைக்கு எதிரே மிக நன்று என்று எழுதியிருக்கிறது. அவர் லங்கரில் யார் பக்கத்தில் உட்கார்ந்தார் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. அவர் உயிரோடு இருந்தபோது நான் ஒலிப்பதிவு செய்துவைக்கவும் இல்லை. அப்போது எனக்கு ஆய்வு என்றால் நூலகம். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இன்னும் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, போரைப் பற்றிக் கேட்காதீர்கள், சாப்பாட்டைப் பற்றிக் கேளுங்கள்.