ஆத்துல போட்டாலும் அளந்து போடு



நம்ம சோழவரத்துப் பழைய விமான ஓடுதளம் ஒரு காலத்தில் கார் பந்தயத்துக்குப் பேர்போன இடம். 1998-இல் மிட்சுபிஷி லான்சர் தயாரிப்பு தொடங்கியதும் நம்ம திருவள்ளூரில்தான். அப்படி ஒரு வேகக் காரின் எஞ்சினைப் பிரித்துக் கட்டுகிறோம். மாற்று சிலிண்டர் ஹெட் புதுப்பேட்டையிலிருந்து வருகிறது. "மாட்டுடா தம்பி, கை கணக்குல முறுக்கு" என்பார் பட்டறை அண்ணன். அவர் அனுபவத்துக்கு என் வணக்கம். ஆனாலும் இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்!

லான்சர் பெட்ரோல் எஞ்சினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். அதே சூட்டில் அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒருமுறை ஓவர்ஹீட் ஆன ஹெட் வளைந்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது, ஸ்ட்ரெய்ட் எட்ஜும் ஃபீலர் கேஜும் வைத்தால் 0.05 மி.மீ. இடைவெளிகூடத் தெரியும். ஏற்கெனவே சீவிய ஹெட் என்றால் உயரம் குறைந்து கம்ப்ரஷன் ஏறும், எஞ்சின் தட்டும். போல்ட் துளையில் எண்ணெய் தேங்கியிருந்தால், முறுக்கும்போது பிளாக்கே விரிசல் விடலாம். முறுக்குவதும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக, டார்க் ரெஞ்சில்.

இதை விட்டால் கேஸ்கெட் போகும், மறுபடியும் ஹெட்டை இறக்கணும். அந்தக் கூலியை யார் கொடுப்பா?

நாளைக்குக் கும்மிடிப்பூண்டியில் அப்ரண்டிஸாக நிற்கப்போகிறவர்கள் நாம். "படிச்ச திமிரு" என்று சிரித்தால் சிரிக்கட்டும். ஃபீலர் கேஜை அண்ணன் கையிலேயே கொடுத்து, "நீங்களே பாருங்கண்ணே" என்று சொல்லுங்கள்!