வீணையில் ஊர் பேர் இருக்கு, ஆள் பேர் எங்கே?

லேப் ஸ்டீல் கிடார் தெரியும்தானே மக்களே? மடியில் படுக்க வைத்து, கம்பி மேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசிப்பது. பழசு ஒன்று லேபிள் இல்லாமல் கிடைத்தால் மேல்நாட்டு ஆசாமிகள் விடமாட்டார்கள். பிக்கப், முறுக்காணி, திருகு எல்லாவற்றையும் நோண்டி, 1930களின் கேட்டலாக்கோடு ஒப்பிட்டு, ரிக்கன்பேக்கரா கிப்ஸனா என்று துருவுவார்கள்.

நம்ம பக்கம் அதற்கு ஒரு அண்ணன் உண்டு. கோட்டுவாத்தியம். மெட்டு இல்லாத வீணை, கம்பி மேல் மரக்கட்டையை வழுக்கி வாசிக்க வேண்டும். அதில் பெயர் வாங்கிய சகாராம ராவ் திருவிடைமருதூர்க்காரர். கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளுக்கு ஊர் பேரே அடைமொழி, பூதலூர். வாசித்தவர் பெயரெல்லாம் இருக்கு. செய்த ஆசாரி யார்?

பழைய வீணையோ கோட்டுவாத்தியமோ கையில் கிடைத்தால் என்ன பார்க்கலாம்? குடமும் தண்டியும் ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாண்டமா, ஒட்டுப் போட்டதா என்று பார்க்கலாம். யாளி முகத்தின் செதுக்கலைப் பார்க்கலாம். இழைத்திருப்பது தந்தமா பிளாஸ்டிக்கா என்பது முக்கியம். தந்த வியாபாரத்தை 1986, 1991 சட்டத் திருத்தங்கள் தடை செய்தன, ஆகவே தந்தம் என்றால் பெரும்பாலும் அதற்கு முந்தைய சரக்கு. வீணையின் மெழுகை மட்டும் நம்பாதீர்கள். மேளம் கட்டுவதை அவ்வப்போது புதிதாகச் செய்வார்கள், அது கடைசியாகக் கை வைத்தவரைத்தான் காட்டும். இவ்வளவு பார்த்தாலும் ஊரும் காலமும் சுமாராகத் தெரியும். பெயர் தெரியாது. கேட்டலாக்தான் கிடையாதே! அந்த இடைவெளியில்தான் 'அரண்மனை வீணை சார்' என்று விலை ஏற்றுகிறார்கள் :)

பி.காம். படிக்கிறவன் என்பதால் ஒரு பாயிண்ட். தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்தச் சட்டம் காப்பாற்றுவது ஊர் பேரை, தனி ஆளின் பேரை அல்ல. அப்பா செய்த வீணை நாற்பது வருஷம் கழித்தும் கணீரென்று பேசினாலும், அதைக் காட்டி மகனால் பத்து ரூபாய் கூடுதலாகக் கேட்க முடியாது. அப்பா செய்தது என்பதற்கு அத்தாட்சி?

என் யோசனை சிம்பிள். குடத்தின் மேல் பலகையை மூடுவதற்கு முன்னால், உள்ளே பெயரும் வருஷமும் உளியால் வெட்டிவிட வேண்டும். காகித லேபிள் வேண்டாம். ஸ்ட்ராடிவாரி பெயரில் போலி லேபிள் ஒட்டிய வயலின்கள் உலகம் பூரா கிடக்கின்றன. வெட்டிய எழுத்தைப் போலி செய்யவும் பலகையைப் பெயர்க்க வேண்டும், அந்தத் தடம் தெரிந்துவிடும்.

புதுசாக வீணை ஆர்டர் கொடுக்கிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும்போதே இதைக் கேளுங்கள். மூடின பிறகு கேட்டுப் பிரயோஜனமில்லை.