மல்லிகை வாசனையும் பாகூர் ஏரியும்

இந்த முறை கொஞ்சம் வேதியியல். பயப்படாதீர்கள், சமன்பாடு ஒன்றுகூட கிடையாது :-)

வில்லியனூர், பாகூர் பக்கம் எந்தப் பெட்டிக்கடைக்குப் போனாலும் வாசலில் ஷாம்பு சாஷேவுக்குப் பக்கத்தில் இன்னொரு சரமும் தொங்கும். துணி அலசிய பிறகு கடைசித் தண்ணீரில் கலக்கும் வாசனைத் திரவம்தான் அது. ஒரு சாஷே கலந்தால் வாரக்கணக்கில் மணக்கும் என்று விளம்பரம் சொல்கிறது. மல்லிகைச் சரமே மறுநாள் காலையில் வாடிப்போகிறது, துணி மட்டும் எப்படி இத்தனை நாள் மணக்கும்? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

வாசனை என்பது ஆவியாகி மூக்குக்கு வர வேண்டிய எண்ணெய். ஆவியானால்தான் மணக்கும், ஆவியானால் தீர்ந்தும் போகும். போதாக்குறைக்கு, துணி அலசும்போது பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். இதைச் சமாளிக்க நிறுவனங்கள் கண்டுபிடித்த வழிதான் நுண்கூடு. வாசனை எண்ணெய்த் துளியைச் சுற்றி மெல்லிய பாலிமர் ஓடு ஒன்றைக் கட்டிவிடுவார்கள். கூட்டின் அளவு பொதுவாக சில மைக்ரானிலிருந்து சில பத்து மைக்ரான் வரை (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). கூடு நூலிழையில் ஒட்டிக்கொள்ளும். சட்டையை உதறும்போதோ, போட்டுக்கொண்டு நடக்கும்போதோ ஓடு உடைந்து வாசனை வெளியே வரும். எல்லா சாஷேயிலும் இது இருப்பதில்லை. 'வாசனை முத்துகள்' என்றெல்லாம் விளம்பரம் செய்வது பெரும்பாலும் இதைத்தான்.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் அந்த ஓட்டில். இந்தத் தொழிலில் பல வருடங்களாக அதிகம் பயன்பட்டது மெலமைன் ஃபார்மால்டிஹைடு. தட்டு, தம்ளர் செய்கிற அதே மெலமைன் குடும்பம்தான். உறுதியானது, மலிவானது, ஆனால் எளிதில் மக்காது. துணியில் ஒட்டாத கூடும் உடைந்த ஓடும் அலசிய தண்ணீரோடு போகும். எங்கே போகும்?

நகரத்தில் என்றால் சாக்கடை வழியாக சுத்திகரிப்பு நிலையத்துக்கு என்று ஒரு சமாதானம் சொல்லலாம். பாதாளச் சாக்கடை இல்லாத நம் கிராமத் தெருக்களில் அலசிய தண்ணீர் வாசல் வாய்க்காலுக்குப் போகும். அங்கிருந்து குளம், ஏரி, வயல், சங்கராபரணி ஆறு. புதுச்சேரியிலேயே பெரிய ஏரி ஊசுட்டேரி, அடுத்தது பாகூர் ஏரி. பாகூரை நெற்களஞ்சியம் என்று சொல்வதே இந்த ஏரித் தண்ணீரை வைத்துத்தான். அதில் மக்காத பிளாஸ்டிக் தூளைக் கண்ணுக்குத் தெரியாமல் சேர்க்கிறோம் என்பதுதான் என் கவலை. இன்றைக்கே விஷம் என்று பீதி கிளப்பவில்லை. ஒருமுறை கலந்துவிட்டால் திரும்ப வடிகட்டி எடுக்க முடியாது என்பதால் சொல்கிறேன்.

இதே கவலை ஐரோப்பாவுக்கும் வந்தது. 2023இல் ஐரோப்பிய ஒன்றியம், பொருட்களில் வேண்டுமென்றே சேர்க்கப்படும் நுண் பிளாஸ்டிக்குக்குத் தடை கொண்டுவந்தது. வாசனைக் கூடுகளுக்கு 2029 அக்டோபர் வரை அவகாசம். அதற்குள் மக்கும் கூட்டுக்கு மாற வேண்டும். இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். 1999இல் தொடங்கிய புதுச்சேரி ஏரிகள் புனரமைப்புத் திட்டத்துக்கு நிதி கொடுத்ததும் இதே ஐரோப்பிய ஒன்றியம்தான். 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் அது. நம் ஏரிக்கு அவர்கள் பணம் வந்தது, ஆனால் அவர்கள் சட்டம் நம் பெட்டிக்கடை சாஷேவைக் கட்டுப்படுத்தாது.

சரி, மாற்று வழி என்ன? இங்கேதான் எனக்குப் பிடித்த வேதியியல் வருகிறது: தண்ணீரில் தானாகவே கூடிக்கொள்ளும் பாலிமர்கள்.

சோப்பு மூலக்கூறு தெரியும்தானே? தலை தண்ணீரை விரும்பும், வால் எண்ணெயை விரும்பும். தண்ணீரில் போட்டால் வால்கள் உள்ளே ஒளிந்துகொண்டு, தலைகள் வெளியே நிற்கும் உருண்டைகளாகச் சேரும். இதன் பெயர் மைசெல். பாலிமரிலும் இதைச் செய்யலாம். ஒரே சங்கிலியில் ஒரு துண்டு தண்ணீரை விரும்புவதாகவும், அடுத்த துண்டு விலகுவதாகவும் அமைத்தால் போதும், தண்ணீருக்குள் தானே உருண்டையாகிவிடும். நடுவில் வாசனை எண்ணெய் போய் உட்கார்ந்துகொள்ளும். சோப்பு மைசெல் தண்ணீர் அதிகமானால் கலைந்துவிடும். பாலிமர் மைசெல் அதைவிட மிகக் குறைந்த செறிவிலும் கலையாமல் நிற்கும். அளவு சில பத்து நானோமீட்டர்தான், அதாவது மெலமைன் கூட்டைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு சிறியது. குறை என்னவென்றால், ஓடு இல்லாததால் வாசனை சீக்கிரம் கசிந்துவிடும்.

இன்னொரு வழி இதைவிடப் பழையது. ஜெலட்டினையும் வேல மரக் குடும்பத்தின் அரபிப் பிசினையும் தண்ணீரில் கரைத்து லேசாகப் புளிப்பாக்கினால், ஒன்று நேர்மின்னூட்டமும் மற்றது எதிர்மின்னூட்டமும் கொண்டு ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். பக்கத்தில் எண்ணெய்த் துளி இருந்தால் அதைச் சுற்றிப் படியும். ஆற வைத்தால் இறுகும். 1950களில் அமெரிக்காவின் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் பேரட் கிரீன் இப்படித்தான் மைக் கூடுகளைச் செய்தார். கார்பன் தாள் வைக்காமலே நகல் எடுக்கும் ரசீதுப் புத்தகம் அதிலிருந்து பிறந்தது. எழுபது வருடப் பழைய நுட்பம், பொருளோ பிசின்! ஜெலட்டின் வேண்டாம் என்பவர்களுக்குப் பட்டாணிப் புரதம் இருக்கிறது. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானும் இருக்கிறது. நம் கடற்கரையில் இறால் ஓட்டுக்கா பஞ்சம்?

"அப்படியானால் ஏன் எல்லோரும் இதையே செய்யவில்லை?" நியாயமான கேள்வி. சலவைத் திரவத்திலேயே சோப்பு மாதிரியான பொருட்கள் இருக்கின்றன. பாட்டிலுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும்போது அவை மென்மையான ஓட்டைக் கரைக்கும், உள்ளே இருக்கும் வாசனையையும் உறிஞ்சிவிடும். ஓட்டை இறுக்க வேறு வேதிப்பொருள் சேர்த்தால் மக்கும் தன்மை குறையும். விலையும் கூடும். நிறுவனங்கள் சொல்லும் இன்னொரு வாதத்திலும் உண்மை இருக்கிறது: கூடு இருப்பதால்தான் குறைந்த வாசனை எண்ணெயே போதுமானதாகிறது.

இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் என் கருத்து மாறவில்லை. கூடு சட்டையில் இரண்டு வாரம் தாங்கினால் போதும். அதற்காக ஏரியில் காலம்காலமாகக் கிடக்கிற பொருளைத் தேர்ந்தெடுப்பது சோம்பேறித்தனம். மல்லிகை மொட்டைப் பாருங்கள். மணப்பொருளின் ஒரு பகுதியை சர்க்கரையோடு பிணைத்து வைத்திருந்து, மாலையில் விரியும்போது நொதி கொண்டு அவிழ்த்துவிடுகிறது. வாடிய பூவைத் தோட்டத்தில் போட்டால் மண்ணாகிவிடும். பூ செய்வதை சாஷே செய்யக் கூடாதா?

மூன்று விஷயங்கள் நடக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒன்று, வாசனைக் கூடு இருந்தால் அதன் ஓடு எந்தப் பொருள் என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும். இப்போது 'வாசனைப் பொருள்' என்ற ஒரே வார்த்தையில் எல்லாம் முடிந்துவிடுகிறது. இரண்டு, ஐரோப்பாவுக்கு விற்கும் கூடு எந்த மக்கும் சோதனையில் தேற வேண்டுமோ, அதே சோதனையை இங்கே விற்பதற்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வைக்க வேண்டும். இல்லையென்றால் அங்கே கழித்துக் கட்டிய சரக்கு நம் கடைச் சரத்தில்தான் வந்து தொங்கும். மூன்று, காலாப்பட்டிலும் பிள்ளைச்சாவடியிலும் வேதியியல் படிக்கும் நண்பர்கள் இதைப் ப்ராஜெக்ட்டாக எடுக்கலாம். பிசின், புரதம், கொஞ்சம் வினிகர், ஒரு நுண்ணோக்கி இருந்தால் முதல் கூட்டைப் பார்த்துவிடலாம். அதைச் சலவைத் திரவத்தில் மூன்று மாதம் பிழைக்க வைப்பதுதான் உண்மையான சவால். அதற்கு விடை கண்டால் தேர்வு மதிப்பெண்ணோடு நிற்காது, பாகூர் ஏரிக்கும் உதவும்.

அதுவரை? சட்டைக்கு நல்ல வெயிலே போதும் என்பது என் கட்சி. வெயிலில் காய்ந்த துணிக்கும் ஒரு வாசனை உண்டு, அது இலவசமும்கூட.