இரவு வேலையும் ஆறு வயதுக் குழந்தையும்

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த அன்பர் ஒருவர் கையில் காகிதக் கட்டுடன் நம் இல்லம் வந்தார். நம்மைப்போல் இரயில்வே ஊழியர்தாம். சரக்கு வண்டியில் கார்டு. (அப்பதவிக்கு 2022இல் இரயில் மானேஜர் என்று புதுப் பெயர் சூட்டிவிட்டார்கள், நம் நாவுக்கு இன்னும் பழகவில்லை.) அவருடைய மனைவியார் மாதாப்பூரில் ஒரு கம்பெனியில் அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்பவர். இருவரும் பிரிந்து எட்டு மாதங்களாகின்றன. ஆறு வயதுப் பெண் குழந்தை தாயிடம் இருக்கிறது. குழந்தையைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு குடும்ப நீதிமன்றத்துக்கு அவர் எழுதி வைத்திருந்த மனுவை நாம் சீர்செய்து தட்டச்சு செய்து தரவேண்டுமாம். குமாஸ்தா வீட்டுக்கு இத்தகைய கோரிக்கைகள் வருவது புதிதன்று.

மனுவின் நான்காம் பத்தியில், தாய் இரவு முழுவதும் அலுவலகத்தில் இருப்பவர், ஆகவே குழந்தையைப் பேணத் தகுதியற்றவர் என்றிருந்தது. நாம் கையை நிறுத்தி, "அண்ணாச்சி, போன மாதம் தாங்கள் எத்தனை இரவு வீட்டில் படுத்தீர்கள்?" என்று வினவினோம். விரல்விட்டு எண்ணிப் பார்த்துப் பதினொன்று என்றார். "அப்படியானால் மற்ற இரவுகளில் குழந்தை யாரிடம் இருக்கும்?" என்றோம். "ஊரில் என் தாயாரிடம்" என்றார். மனு அவர் பெயரில் இருந்ததே தவிர, குழந்தை போய்ச் சேரவிருந்த இடம் அவருடைய வீடன்று. தாயும் தந்தையும் ஐதராபாத்தில் இருக்க, அது திருநெல்வேலியில் வளரவேண்டும் என்பதே அம்மனுவின் பொருளாக முடிந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று சற்று நோக்குவோம். 1890ஆம் ஆண்டின் கார்டியன், வார்டு சட்டம் 17ஆம் பிரிவில் குழந்தையின் வயது, பால், மதம், காப்பாளராக வருபவரின் நடத்தை, ஆற்றல், உறவின் நெருக்கம் ஆகியவற்றைக் கவனிக்கச் சொல்கிறது. விவரம் அறிந்த பிள்ளையாயின் அதன் விருப்பத்தையும் கேட்கலாம் என்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து மைனர், கார்டியன் சட்டம் ஐந்து வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடமே இருக்கவேண்டும் என்றும், மைனரின் நலனே எல்லாவற்றிலும் தலையாயது என்றும் கூறுகிறது. உத்தியோகம் பற்றித் தனி விதி இவற்றில் கிடையாது. உத்தியோகம் வழக்கில் நுழைவதெல்லாம் நலன், ஆற்றல் என்னும் இவ்விரு வாசல்கள் வழியாகத்தான்.

சுப்ரீம் கோர்ட்டு தீர்த்த இரு வழக்குகளை அன்பருக்கு எடுத்துரைத்தோம். 2008இல் வந்த வழக்கில் தாய் பானிபட்டில் ஆசிரியை, தந்தை அலகாபாத்தில். ஏறக்குறையப் பத்து வயதுச் சிறுவன் 2001 முதல் தந்தையிடம் வளர்ந்து, அங்கேயே நல்ல பள்ளியில் படித்து வந்தான். நீதிபதிகள் அவனிடமே பேசிப் பார்த்தபோது, தாயிடம் போக அவன் விரும்பவில்லை. தந்தையிடமே விடப்பட்டான். 2010இல் வந்த வழக்கிலோ, தாய்க்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்தது. அங்கும் ஒரு சிறுவன்தான். அவனோ தாயைப் பிரிய மறுத்தான். பிள்ளையா, தொழிலா என்று ஒரு தாயைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது தகாது எனக் கருதிய நீதிமன்றம், அவனை அழைத்துச் செல்ல அனுமதித்தது. தந்தை மகனைக் காணும் முறையும் அதற்கேற்ப மாற்றப்பட்டது. பிள்ளையை ஒப்படைக்கும் உத்தரவு கல்லில் வெட்டியதன்று, நிலைமை மாறினால் அதுவும் மாறலாம் என்பதும் அத்தீர்ப்பில் உண்டு. மாற்றலுக்குரிய உத்தியோகத்தில் இருப்போர் இதனை மறத்தலாகாது.

ஆயினும் நாம் கண்ட அளவில், தந்தை ஊர் ஊராகச் செல்வதை உலகம் கடமை என்கிறது. தாய் இரவில் வேலைக்குச் சென்றால் அதே உலகம் குறை என்கிறது. பாட்டி இருக்கும் வீட்டில் தந்தையின் வெற்றிடம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நம் போன்ற புலம்பெயர்ந்த குடும்பங்களில் பாட்டி இல்லை, அத்தை இல்லை. இரண்டறை வாடகை வீடும் பூட்டும் சாவியுந்தான். பள்ளி வண்டி வரும் காலை ஏழு மணிக்குத் தலை வாரிவிடுபவர் யார், காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைத்தால் ஓடுபவர் யார் என்று வக்கீல் கேட்டால், அதற்கு விடை வைத்திருப்பவரின் சொல்லே நிற்கும். சம்பளச் சீட்டு அங்கே அதிகம் பேசுவதில்லை.

இன்னொன்று. "ஞாயிறுதோறும் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை" என்று குழந்தையைக் காண உத்தரவு வாங்கினால், ஓடும் வண்டி ஊழியருக்கு அதனால் பயன் சிறிது. ஞாயிறன்று அவர் பல்ஹார்ஷாவில் இருப்பார். ஆகவே, தம் ஓய்வு நாளை ஒட்டியே சந்திப்பு அமையவேண்டும், முன்னறிவிப்புத் தருவேன், தவறிய நாளுக்கு ஈடாக வேறு நாள் வேண்டும் என்று மனுவிலேயே கேட்பது நலம். மேலும், காவலில் பிள்ளை இல்லாத பெற்றோரும் நாள்தோறும் ஐந்து பத்து நிமிடமேனும் அதனோடு பேச உரிமை பெறவேண்டும் என்று 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு கூறியிருக்கிறது. மத்திய அரசு ஊழியரான பெண்களுக்கு 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டென்பதை நேயர்கள் பலர் அறிவர். மனைவியை இழந்த அல்லது விவாகரத்தான ஆண் ஊழியருக்கும் 2018இல் அது நீட்டிக்கப்பட்டதை அறிந்தோர் சிலரே. நம் அலுவலகத்திலேயே கேட்டவுடன் நகைத்தவர்கள் உண்டு.

அன்பர் நெடுநேரம் பேசவில்லை. காப்பி ஆறிப்போயிற்று. பின்னர் நான்காம் பத்தியைத் தம் கையாலேயே அடித்தார். திருநெல்வேலியையும் அடித்தார். ஓய்வு நாளில் சந்திப்பு, மாலையில் தொலைபேசி என்று புதிதாக எழுதச் சொன்னார். அன்றிரவே தட்டச்சு செய்து கொடுத்தோம். எமக்கு அதில் முழு மகிழ்ச்சி என்று சொல்வதற்கில்லை. அவர் படியிறங்கிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இதனிடையே மனைவியார், உத்தரவு வரும்வரை காத்திராமல், தொலைபேசிக்கு இசைந்துவிட்டாராம். அவர் வேலைக்குக் கிளம்புமுன், மாலை ஐந்தரை மணிக்கு, காஜிப்பேட்டை ஓய்வறையில் இருக்கும் நாட்களில் அன்பர் பேசுகிறார். வண்டியில் பணியிலிருக்கும் நாட்களில் இயலுவதில்லை. சென்ற வாரம் குழந்தை, "அப்பா, உங்க வண்டிக்கு எத்தனை பெட்டி?" என்று கேட்டதாம். ஐம்பத்தெட்டு என்றாராம். எண்ணிக்காட்டச் சொன்னதாம்.